எல்லாத் தோட்டத்துக்காரி

மலேசியாவின் பேராக்கில் இரண்டு தமிழர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர் தோட்டத்தையே பார்க்காமல் ஈப்போ அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம். பதில் சொல்பவரின் தோட்டத்தை என்றோ விற்று, கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, அதையும் வெட்டி வீடுகள் கட்டி, அந்த வீடுகளுக்கே இப்போது சாயம் உதிர்ந்துகொண்டிருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது. பதில் பொருந்திவிட்டால் நாற்காலி வரும், தேத்தண்ணி வரும், "அப்ப நீங்க நம்ம ஆளு லா" என்று ஒரு வார்த்தை வரும். எங்கள் குடும்பம் அந்த ஒரு வார்த்தையை வைத்துப் பிழைத்த குடும்பம்.

பிழைத்தோம் என்று நாசூக்காகச் சொல்கிறேன். ஏமாற்றினோம். அப்பாவிடம் அச்சடித்த ரசீதுப் புத்தகம் இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், கோயிலை வேறு இடத்தில் கட்ட வேண்டும், பழைய தோட்டத்து மக்கள் நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போவார். அப்படி இடம் மாறிய கோயில்கள் நிஜமாகவே நிறைய இருந்ததால், அப்பாவின் கோயிலை யாரும் சந்தேகப்படவில்லை. கொடுத்தவர்களுக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலம் எடுத்துத் தருவார். அது எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருந்து எடுத்தது. அந்த விபூதி ஒன்றுதான் அந்த வியாபாரத்தில் அசல்.

ஆனால் அப்பாவைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவைத்தவளைப் பற்றி எழுத வேண்டும். அவள் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. பெயரை எழுதப்போவதில்லை. எந்தப் பெயரை எழுதுவது என்பதே சிக்கல். சுங்கை சிப்புட்டில் அவளுக்கு ஒரு பெயர், செமோரில் ஒரு பெயர், தஞ்சோங் மாலிமில் இன்னொன்று. அடையாள அட்டையில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கே இரண்டு நொடி ஆகும்.

அத்தையிடம் இருந்தது ஒரே ஒரு திறமைதான். அவள் கேட்பாள். உள்ளங்கையில் மோவாயை வைத்துக்கொண்டு, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு, காது கொடுத்துக் கேட்பாள். நடுவில் "ம்ம்... அப்புறம்?" என்று மட்டும் சொல்வாள். அந்த "அப்புறம்" எப்படிப்பட்டது என்றால், பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததை எல்லாம் ஜனங்கள் அதற்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு தடவை கேட்டது அவளுக்கு மறக்காது. எந்தத் தோட்டத்தில் எத்தனை வரிசை லய வீடுகள், வேலை வாங்கும் எந்த மண்டோர் குடித்துவிட்டுக் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வருவார், கணக்கெழுதும் எந்தக் கிராணி வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் அவளிடம் இருந்தது. இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு நாள்கூட மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் வெட்டியதில்லை. தாத்தா ஈப்போ டவுனில் சாக்கடை அள்ளியவர். நகராண்மைக் கழகத்துக் குவார்ட்டர்ஸில்தான் அப்பாவும் அத்தையும் பிறந்தார்கள்.

தினமும் காலையில் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் இறந்தவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று போடுவது வழக்கம். அந்த வரி வந்ததும் அத்தை கையைத் தூக்குவாள். "இன்னொரு வாட்டி படி." படிப்பேன். பிறகு வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். பிள்ளையோடு வருகிற பெண்ணை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு.

கேத வீட்டில் செருப்பைக் கழற்றும்போது ரோட்டைப் பார்த்த மாதிரி திருப்பி வைப்பாள். அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் குனிந்து தேடக் கூடாது. உள்ளே போனதும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். துக்கம் கூடத்தில் இருக்கும், சேதி சமையலறையில் இருக்கும் என்பாள். அவள் முதலில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

சுங்கை சிப்புட்டில் ஒரு பெரியவர் சாவுக்குப் போனது எனக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. எனக்குப் பதினோரு வயது. இறந்தவரின் மகள் அழவும் முடியாமல் அடுப்படியில் கப்புகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அத்தை பக்கத்தில் போய் நின்று ஒரு துணியை எடுத்துக் கப்புகளைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியா என்னாம்மா கேட்டாரு?" என்றாள்.

"கருவாடு கேட்டாருங்க. டாக்டர் கூடாதுன்னுட்டாரு, நான் குடுக்கல" என்று சொல்லும்போதே அந்த அக்காவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது.

"ம்ம்... அப்புறம்?"

அப்புறம் அரை மணி நேரம் அவள் பேசினாள். அத்தை கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு அத்தை மெதுவாகச் சொன்னாள்: "தோட்டத்துலயும் அப்படித்தான் லா அவரு. கருவாடு இல்லேன்னா தட்ட நவுத்தி வச்சிருவாரு. ஆனா உங்கம்மா அப்புறமா ரசத்த ஊத்துனா பேசாம சாப்டுருவாரு. கோவத்த நெஞ்சுல வச்சுக்கிற ஆளு இல்லம்மா."

அந்த அக்கா அத்தையின் தோளில் விழுந்து அழுதாள். அப்பா தன்னை மன்னித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தையும் அழுதாள். கண்ணீர் நிஜமான கண்ணீர், மூக்கெல்லாம் சிவந்துபோனது. கிளம்பும்போது பஸ் காசும் ஒரு பை நிறையப் பழமும் கொடுத்து அனுப்பினார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அப்பா ரசீதுப் புத்தகத்தோடு அங்கே போனார்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "அத்த, அந்தத் தாத்தாவ உங்களுக்குத் தெரியாதுல? அப்பறம் ஏன் அழுதீங்க?"

"அழுகைல பொய் கெடையாது கண்ணு. காரணத்துலதான் பொய்யி" என்றாள். பிறகு பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

அவளுடைய வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. வீட்டில் பஜ்ஜி பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தது. ஆறு தோட்டங்களில் அது பால்வெட்டுக் கத்தி பட்ட காயம். ஒரு கல்யாண விருந்தில், நாற்பது வருடம் பால் மரம் வெட்டிய ஒரு கிழவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எடது பக்கம் சாச்சுப் புடிச்சா இப்படித்தான் படும், எனக்கும் பட்டிருக்கு" என்று தன் கையைக் காட்டினார். இரண்டு பேரும் தழும்பைப் பற்றிப் பேசிக்கொண்டே பாயசம் குடித்தார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவளிடம் எனக்குப் பிரியம் இருந்தது, பயமும் இருந்தது. என்னைப் பெற்ற அம்மா எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பாவை விட்டுக் கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு வேறு குடும்பம் இருந்தது. எனக்குத் தலைவாரிவிட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்துக்குக் காலில் போடும் சப்பாத்தை வெளுத்துக் கொடுத்தது எல்லாம் அத்தைதான். ஆனாலும் இத்தனை பேருக்கு இத்தனை பொய் சொல்கிறவள் என்னிடம் எதைச் சொல்கிறாள் என்று படுத்தால் தூக்கம் வராது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அத்த, என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்களா?"

அவள் "உன்கிட்ட சொன்னா எனக்கு என்னா கெடைக்கும்?" என்றாள். அதற்கு மேல் நல்ல பதிலை இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா ஒரு திட்டம் போட்டார். செமோரில் ஒரு வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வீட்டு ஐயா இறந்தபோது அத்தை போய் அழுதிருந்தாள். அந்த அம்மா சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அத்தையும் அதே தோட்டம் என்று நம்பி, தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு கொடுத்தனுப்புகிற அளவுக்கு அந்த அம்மா ஒட்டிக்கொண்டாள். மகன் ஏர்கான் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். என்னைக் காட்டுவது, பரிசம் போடுவது, நகையும் கல்யாணச் செலவுக்கென்று அவர்கள் கொடுப்பதும் கைக்கு வந்ததும் ஊரை மாற்றிக்கொண்டு போய்விடுவது. இதுதான் திட்டம்.

இந்த இடத்தில் நான் என்னை அப்பாவி என்று எழுதினால் அத்தைக்குத் துரோகம் செய்தவளாவேன். நான் ஒத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று தலையை எவ்வளவு குனிய வேண்டும் என்று பழகிப் பார்த்தேன். அந்தச் சங்கிலி என் கழுத்தில் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்தேன். அப்பா பெருமையாக, "எம்மவ எங்கக்காவையே முழுங்கிருவா" என்றார். அத்தை என் சேலை மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

செமோர் பஸ்ஸில் அத்தை எனக்குப் பாடம் ஒப்பித்தாள். "முனியாண்டி கோயிலு. மூணு லயம். தண்ணி ஆத்துலேருந்து கொழாய்ல வரும், நாலு வீட்டுக்கு ஒரு கொழாய், அங்கதான் சண்ட எல்லாம். கெணறு கெடையாது. கெணறு வெட்டுனா செவப்பாத்தான் தண்ணி வரும்னு அந்தம்மாவே சொல்லியிருக்கு. எங்கத்த சொல்லுவாங்கன்னு நீயும் ரெண்டு வார்த்த பேசணும். வாய் தவறிக்கூடக் கெணறுன்னு சொல்லிறாத."

"எனக்குத் தெரியும் லா அத்த" என்றேன் எரிச்சலாக.

செமோர் அம்மா எங்களை வாசலுக்கே வந்து கூட்டிப்போனாள். அப்பாவும் அந்த மகனும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை அந்த அம்மா சமையலறைக்குக் கூட்டிப்போய் வடையை எடுத்துத் தட்டில் அடுக்கச் சொன்னாள். அத்தை வழக்கம்போல அந்தக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சமைக்கத் தெரியலேன்னாலும் பரவால்லம்மா" என்றாள் செமோர் அம்மா. "நான் ஆக்கிப் போடுறேன். நீ மேல படிக்கணும்னா படி. அம்மா இல்லாத பிள்ளன்னு உங்கத்த சொன்னாங்க. எப்படிம்மா தவறுனாங்க?"

இதற்குப் பதில் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடினாள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர் வந்தது. மூக்கு சிவந்தது. கோலாலம்பூரில் உயிரோடு இருக்கும் ஒரு பொம்பளையை ஒரு தட்டு வடை அடுக்குவதற்குள் நான் சாகடித்துவிட்டேன். ரொம்ப நன்றாகவே அழுதேன்.

செமோர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பரிசம் அது இது என்று நாள் பார்க்காமல், தன் கழுத்தில் கிடந்த சங்கிலியையே கழற்றத் தொடங்கினாள். "இது எங்கம்மா போட்டதும்மா" என்றாள்.

அவள் தோளுக்கு மேலாக நான் அத்தையைப் பார்த்தேன். நான் நன்றாகச் செய்தேனா என்று கேட்கிற பார்வைதான் அது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அந்த முகத்துக்கு என்னால் பெயர் வைக்க முடியவில்லை. அவள் தேத்தண்ணிக் கப்பைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"நம்ம கோயிலுக்குப் பின்னால ஒரு கெணறு இருந்துச்சே அக்கா. நீங்களும் நானும் அதுலதானே தண்ணி எடுப்போம்."

கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "கெணறா?" என்றாள் செமோர் அம்மா. "நம்ம தோட்டத்துல ஏது கெணறு?"

ஒரு மூச்சில் அத்தை அதைச் சமாளித்திருக்கலாம். மேல் டிவிஷனைச் சொன்னேன் என்றிருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு என்றிருக்கலாம். இதைவிட மோசமான இடங்களிலிருந்து அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் கப்பை எடுத்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள். கூடத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். "அக்காவுக்கு வயசாயிருச்சுங்க, மறதி" என்று இளித்தார்.

"மறதியா? எனக்கா?" என்றாள் அத்தை.

செமோர் அம்மா மெதுவாகக் கேட்டாள். "கோயில் எந்தச் சாமி?"

"மாரியம்மன்."

"எத்தன லயம்?"

"பத்து."

சங்கிலி திரும்பவும் அந்த அம்மா கழுத்துக்கே போனது. அவள் கத்தவில்லை. "எந்திரிச்சுப் போயிருங்க" என்றாள். அந்த மகன் வந்து கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் அத்தையின் செருப்பு ரோட்டைப் பார்த்துத் தயாராக இருந்தது.

பஸ் நிற்கிற இடத்தில், எல்லோரும் பார்க்க, அப்பா அத்தையை அறைந்தார். அத்தை கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு, "பஸ் வருது" என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்து என்னை ஏற்றினாள். அப்பா ஏறவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அப்பாவோடு இருக்கவில்லை. புந்தோங்கில் கீழ் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். அத்தை விடியற்காலையில் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலம் கட்டி முனையிலிருந்த தமிழ் முஸ்லிம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் வைப்பாள். அந்தக் கடைக்காரர், ராவுத்தர், அவளை எண்ணிப் பார்க்காமல் நம்பினார். அதை வீட்டுக்கு வந்து பத்துத் தடவை சொல்வாள். எனக்கு ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். மருந்து அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அப்பா ஜொகூர் பக்கம் போனார், அங்கேயே யாரோடோ தங்கிவிட்டதாகக் கேள்வி.

அத்தை கேத வீடுகளுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் எதுக்கு அத்த? இனிமே யார ஏமாத்தணும்?"

"சுங்கை சிப்புட்டுல அந்தப் பிள்ளைக்கு ஆப்பரேஷனாம். எங்கப்பா செத்தப்ப நீங்கதானே கூட இருந்தீங்கன்னு கூப்புடுது. போகாம எப்படி இருக்கிறது?"

போனாள். தன் கைக்காசில் பஸ் ஏறி, கையில் நாலு நாசி லெமாக் பொட்டலத்தோடு போனாள். எந்த வீட்டில் எந்தப் பெயரோ அந்தப் பெயரோடு, எந்தத் தோட்டமோ அந்தத் தோட்டத்துக்காரியாகவே போனாள். நிச்சயதார்த்தம், காதுகுத்து, சாவு எதையும் விடவில்லை. அவர்களுடைய அப்பா அம்மா பேசியதை, சாப்பிட்டதை, கோபித்துக்கொண்டதை அவர்களே மறந்துபோன பிறகும் அவள் ஞாபகம் வைத்துச் சொன்னாள். எல்லாம் அவர்கள் அவளிடம் சொன்னதுதான். பொய்யை அவள் விடவில்லை, அதற்குக் கூலி வாங்குவதை விட்டுவிட்டாள். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் தெரியாது.

செமோருக்கு மட்டும் அவள் போனதே இல்லை. ஒரே ஒரு தடவை நான் நன்றி சொல்லப் பார்த்தேன். முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்துவிட்டு, "அத்த, அன்னைக்குச் செமோர்ல நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"செமோரா? அங்க எனக்கு யாரையும் தெரியாதே" என்றாள். நாற்பது தோட்டங்களின் நாய்கள் முதற்கொண்டு ஞாபகம் வைத்திருந்தவள், சேலை முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்தச் செமோர் அம்மாவே இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, அன்னைக்கு எங்க அத்த வேணும்னேதான் கெணறுன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் மருந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டாள். பின்னால் என்றேன். போய்விட்டாள். அப்புறமும் மாதா மாதம் வருவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள்.

அத்தை போன வருடம் மழை நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவள், எழுந்திருக்கவில்லை. பத்திரிகைக்கு அறிவித்தல் கொடுக்கப் போனபோது அங்கிருந்த தம்பி கேட்டார். "அக்கா, எந்தத் தோட்டம்னு போடணும்?" நான் "புந்தோங்னு மட்டும் போடுங்க தம்பி" என்றேன். அடையாள அட்டைப் பெயரும் படமும் போட்டோம்.

பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். படத்தை யாரோ பழைய தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வேன் வந்தது. தஞ்சோங் மாலிமிலிருந்து இரண்டு கார் வந்தது. யார் யாரோ வந்து விழுந்து அழுதார்கள். பந்தலில் நாற்காலி போதாமல் ராவுத்தர் கடையிலிருந்து எடுத்து வந்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை தோட்டத்தையும் ஒரே பந்தலில் அவள் உட்கார வைத்ததே இல்லை.

பயந்தபடியே ஆனது. தூக்குவதற்கு முன்னால் யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று சொன்னார்கள். சுங்கை சிப்புட் அக்கா எழுந்து, "இவங்க எங்க தோட்டம். எங்கப்பாவோட ஒரே லயத்துல இருந்தவங்க" என்று அழுதுகொண்டே தொடங்கினாள்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கையில் தழும்பு. அந்தக் கல்யாண வீட்டுக் கிழவர்தான், இன்னும் கிழமாகியிருந்தார். "இல்லியேம்மா, இவங்க எங்க தோட்டம்லா. பேப்பர்லகூட பேர மாத்திப் போட்டுட்டாங்க."

"எங்களுக்குத் தெரிஞ்ச பேரு அது ரெண்டும் இல்ல" என்றது தஞ்சோங் மாலிம் குடும்பம். சளசளவென்று பேச்சு கிளம்பியது. யாரோ ஒருவர் சத்தமாகவே கேட்டார். "அப்ப இவங்க யாருதான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சவப்பெட்டி திறந்திருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவர்கள் வேன் ஏறிவிடுவார்கள், அவள் பொய்க்காரியாகத்தான் சுடுகாட்டுக்குப் போவாள். பொய் சொல்வதென்றால் என்னால் முடியும், ஒரு நிமிடத்தில் கதை வந்துவிடும். அதுதான் பயமாக இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. இருபது வருடத்துக்கு முன்பு வடைத் தட்டுக்கு முன்னால் வந்த கண்ணீரா, வேறா என்று எனக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"நான் சொல்றேன்" என்று ஒரு குரல் வந்தது.

ஓரத்து நாற்காலியிலிருந்து செமோர் அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"இவங்க எங்க தோட்டம்" என்றாள். "சிலிம் ரிவர் பக்கம். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால ஒரு கெணறு இருந்துச்சு. நானும் இவங்களும் அதுலதான் தண்ணி எடுப்போம். அப்பறம் பொழப்பத் தேடி ஒவ்வொரு தோட்டமா போனாங்க. போன எடத்துல எல்லாம் ஆளுக்கு ஒரு பேரு வச்சுக் கூப்புட்டிருக்கீங்க. நல்லவங்களுக்கு நாலு பேரு இருந்தா என்னா?"

மகன் அவள் பக்கம் திரும்பினான். "அம்மா, கெணறு..."

"நீ சும்மா இரு. நீ அப்பப் பொறக்கல."

தழும்புக் கிழவர் தலையை ஆட்டினார். "ஆமா, எங்க தோட்டத்துக்கு அவங்க நடுவுலதான் வந்தாங்கன்னு நெனைக்கிறேன்" என்றார். சுங்கை சிப்புட் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, அப்பாவின் கருவாட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். பந்தல் மறுபடியும் அழ ஆரம்பித்தது.

செமோர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளே சொன்னாள். "ரெண்டு வருஷம் கொழாயடிக் கதைய ஒரு எழுத்துப் பிசகாம சொன்னவங்க. திடீர்னு ஒரு நாள் கெணறு வெட்டுவாங்களா? எனக்கு அன்னைக்கே தெரியும் லா."

"தெரிஞ்சும் ஏன் எங்கள வெளிய போகச் சொன்னீங்க?"

"அதுக்குத்தானேம்மா அவங்க கெணறு வெட்டுனாங்க" என்றாள்.

பெட்டியை மூடித் தூக்கினார்கள். நான் அழுதேன். இந்தத் தடவை காரணமும் உண்மையாக இருந்தது.